ஒரு ஆயில் சீலும் 205 கிலோமீட்டர் வேகமும்: மாற்றியமைத்த ஜாகுவார் எக்ஸ்ஜே12 குறித்து ஒரு நிகழ்வு ஆய்வு

அந்தப் பின் பிரேக் டிஸ்க்கைக் கழற்றிக் கையில் வாங்கிய உடனே இரண்டு விஷயம் தெரிந்துவிட்டது. ஓரம் முழுக்க மயில்கழுத்து நீலம்; இரும்பு அளவுக்கு மீறிச் சூடாகி ஆறினால் ஏறும் நிறம் அது. உட்பக்கம், டிஸ்க்கை ஷாஃப்ட்டோடு சேர்க்கும் ஃபிளாஞ்சை ஒட்டிய இடத்தில், விரல் வைத்தால் வழுக்கியது. முகர்ந்து பார்த்தேன். டிஃபரன்ஷியல் ஆயில், அதாவது இன்ஜின் சக்தியை இரண்டு பின் சக்கரங்களுக்கும் பிரித்துக் கொடுக்கும் பல்சக்கரப் பெட்டியின் ஆயில். அந்தக் கந்தக வாடையை ஒருமுறை முகர்ந்தவர்கள் மறக்க மாட்டார்கள்.

மூன்று நாள் முன்பு இதே டிஸ்க், 205 கிலோமீட்டர் வேகத்தில் வந்துகொண்டிருந்த சுமார் 1,900 கிலோ எடையை நிறுத்தப் பார்த்துத் தோற்றிருந்தது. யாருக்கும் அடிபடவில்லை. காருக்கும் பெரிய சேதமில்லை. அதனால்தான் இதைப் பாகம் பாகமாகப் பிரித்து நிதானமாகப் பார்க்க முடிந்தது. பெரிய விபத்து என்றால் தடயமெல்லாம் நசுங்கிப்போகும். இங்கே ஒவ்வொரு பாகமும் தன் நிலைமையை அப்படியே காட்டிக்கொண்டு இருந்தது.

உரிமையாளரின் சம்மதத்தோடுதான் எழுதுகிறேன். அவர் பெயரும், காரை மாற்றியமைத்த பட்டறையின் பெயரும் இங்கே தேவையில்லை. அந்தப் பட்டறை ஏமாற்றவில்லை. கேட்டதைச் செய்து கொடுத்திருக்கிறது. கேட்டது என்ன என்பதில்தான் சிக்கல்.

காரும் அதில் செய்த மாற்றங்களும்

ஜாகுவார் எக்ஸ்ஜே வரிசை 1968-ல் ஆறு சிலிண்டர் இன்ஜினோடு வந்தது. 1972-ல் அதே உடம்பில் 5,343 சிசி வி12 இன்ஜினை வைத்து எக்ஸ்ஜே12 ஆக்கினார்கள். வால்டர் ஹாசன், ஹாரி முண்டி இருவரும் தலைமை தாங்கி உருவாக்கிய அலுமினிய இன்ஜின் அது. பன்னிரண்டு சிலிண்டர் ஓடுவது உள்ளே இருப்பவருக்குத் தெரியாது. கதவைச் சாத்தினால் வெளியுலகம் அணைந்துவிடும். நான் பார்த்தது அதன் சீரீஸ் 2, நான்கு கதவு கார்.

இதை வாங்கியவர் பல வருடம் காத்திருந்து வாங்கினார். காரை ஆசையாக வைத்திருந்தவர்தான், அலட்சியக்காரர் இல்லை. பெயின்ட், தோல் சீட், மர டாஷ்போர்டு எல்லாம் பழையபடியே இருக்க வேண்டும், ஆனால் மிதித்தால் இன்றைய கார்கள் பின்னால் போக வேண்டும். இவ்வளவுதான் அவர் கேட்டது. இன்ஜினைப் பிரித்துப் புது பிஸ்டன் போட்டுக் கம்ப்ரஷனை ஏற்றியிருந்தார்கள். கேம்ஷாஃப்ட் மாறியிருந்தது. அகலமான எக்ஸாஸ்ட் குழாய்கள். ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் போய் ஐந்து கியர் மேனுவல் வந்திருந்தது. டிஃபரன்ஷியல் விகிதத்தை 2.88 ஆக்கியிருந்தார்கள், ஒரே இன்ஜின் சுற்றுக்குக் கூடுதல் தூரம் ஓடும். ஸ்பிரிங்கை 40 மில்லிமீட்டர் இறக்கி, அகல வீல் மாட்டியிருந்தார்கள். முன்னால் புது பிரேக் டிஸ்க், அதை அழுத்திப் பிடிக்கும் புது பேட்.

பின்பக்கம் என்ன செய்தார்கள் என்று வேலைப் பட்டியலைப் புரட்டினேன். ஒரே ஒரு வரி: "பின் பிரேக் சரிபார்த்தது, பேட் கனம் போதும்."

அன்று நடந்தது

பயன்பாட்டில் இல்லாத ஒரு விமான ஓடுதளத்தில், முறையாக அனுமதி வாங்கி நடத்திய ஓட்டம். பொதுச் சாலையில் இதைச் செய்யவில்லை. அந்த ஒரு முடிவுதான் அவரையும், சம்பந்தமே இல்லாத வேறு யாரையோ கூடவும் காப்பாற்றியது.

முதல் ஓட்டத்தில் 180 வரை போய் நிறுத்தினார். பிரேக் நன்றாகப் பிடித்தது. உடனே திருப்பிக்கொண்டு இரண்டாவது ஓட்டம், 195. பெடல் கொஞ்சம் நீளமாக இறங்கியதாகப் பிற்பாடு நினைவுகூர்ந்தார். அந்த நேரத்தில் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஐந்து நிமிடம்கூட இடைவெளி விடாமல் மூன்றாவது ஓட்டம். 205-ல் பிரேக்கை மிதித்ததும் கார் வலப்பக்கம் இழுத்தது. ஸ்டீயரிங்கை இடதுபக்கம் திருப்பிப் பிடித்துக்கொண்டு மீண்டும் மிதித்திருக்கிறார். பெடல் பஞ்சு மாதிரி பாதிக்குமேல் உள்ளே போய்விட்டது. கியரைக் குறைத்தார், ஹேண்ட்பிரேக்கை இழுத்தார். ஹேண்ட்பிரேக் ஏறக்குறைய எதுவுமே செய்யவில்லை. ஓடுதளம் முடிந்து புல்தரையில் அறுபது, எழுபது மீட்டர் ஓடி நின்றது.

போனில் அவர் சொன்ன முதல் வார்த்தை: "தம்பி, நாலு சக்கரத்துக்கும் பிரேக் இருக்குன்னுதானே நெனச்சேன்."

"இருந்துச்சு அண்ணே. எதையும் கழட்டாதீங்க, நான் வந்து பாக்குறேன்," என்றேன்.

பின் கூண்டை இறக்கியபோது

எக்ஸ்ஜேயின் பின் சஸ்பென்ஷன் ஒரு தனி உலகம். 1961-ல் ஈ-டைப்போடு வந்த வடிவமைப்பின் வழித்தோன்றல். டிஃபரன்ஷியல், இரண்டு பக்க ஆக்சில், பிரேக், ஸ்பிரிங் எல்லாம் ஒரே இரும்புக் கூண்டுக்குள் உட்கார்ந்திருக்கும். அந்தக் கூண்டு ரப்பர் மவுன்ட்களின் வழியாகத்தான் காரைப் பிடித்துக்கொண்டிருக்கும். மொத்தத்தையும் ஒரே துண்டாக இறக்கிவிடலாம்.

இதில் இரண்டு விசேஷம் உண்டு. இந்த நிகழ்வைப் புரிந்துகொள்ள இரண்டுமே முக்கியம்.

முதலாவது, பின் பிரேக் டிஸ்க் சக்கரத்தின் பக்கத்தில் இல்லை. நடுவே, டிஃபரன்ஷியலிலிருந்து வெளிவரும் ஷாஃப்ட்டின் ஃபிளாஞ்சில் போல்ட் போட்டு மாட்டியிருக்கும். சக்கரத்தோடு சேர்ந்து மேலும் கீழும் ஆடும் எடை குறையும், பள்ளம் மேட்டில் கார் மிதந்து போகும். சொகுசுக் காருக்கு அருமையான யோசனை. ஆனால் டிஸ்க்கில் பிறக்கும் சூடு, காற்றோட்டம் குறைந்த கூண்டுக்குள்ளேயே தங்கும். ஃபிளாஞ்ச் வழியாக ஷாஃப்ட்டுக்கு ஏறி, அங்கே ஆயிலைத் தடுத்துக்கொண்டிருக்கும் ரப்பர் சீலுக்கு வந்து சேரும்.

அந்தச் சீல் சாதாரண நைட்ரைல் ரப்பர். நூறு டிகிரியைத் தாண்டி நீண்ட நேரம் இருந்தால் இறுக ஆரம்பித்துவிடும். நான் கழற்றிய இடதுபக்கச் சீல் ரப்பர் மாதிரியே இல்லை. நகத்தால் அழுத்தினால் பள்ளம் விழவில்லை. வளைத்தேன், பழைய பிளாஸ்டிக் மூடி மாதிரி 'டக்'கென்று உடைந்தது. வலதுபக்கம் இருந்தது இன்னும் கொஞ்சம் உயிரோடு இருந்தது. ஆக, இடது டிஸ்க்கில் ஆயில், வலது டிஸ்க்கில் பிடிப்பு. கார் ஏன் வலப்பக்கம் இழுத்தது என்பதற்கு விடை கிடைத்துவிட்டது. ஹேண்ட்பிரேக் ஏன் உதவவில்லை என்பதற்கும் அதே விடைதான். இந்தக் காரில் ஹேண்ட்பிரேக்குக்குத் தனி கேலிபர் (டிஸ்க்கைக் கவ்வும் பிடி) இருந்தாலும் அது கவ்வுவது அதே பின் டிஸ்க்கை. அவசரத்துக்கு இருக்கும் இரண்டாவது வழி, தோற்றுப்போன முதல் வழியின் மேலேயே உட்கார்ந்திருக்கிறது.

எக்ஸாஸ்ட் குழாய்கள் இந்தக் கூண்டை ஒட்டியே பின்னால் போகும். அகலக் குழாய் போட்டபோது இடம் போதாமல் சூட்டுத் தகட்டைக் கழற்றிவிட்டிருந்தார்கள். கொதிக்கும் குழாய் ஒருபக்கம், கொதிக்கும் டிஸ்க் மறுபக்கம், நடுவில் அந்தச் சீலும் பிரேக் குழாயும். இதைப் பார்த்தபோது எனக்கு உண்மையிலேயே கோபம் வந்தது. அந்தத் தகட்டை அங்கே வைத்தவர் காரணத்தோடுதான் வைத்திருப்பார். ஏன் வைத்தார் என்று கேட்காமல் கழற்றக் கூடாது.

இரண்டாவது விசேஷம், பின் சக்கரத்துக்குச் சக்தியைக் கொண்டுபோகும் ஆக்சில் ஷாஃப்ட்டே சஸ்பென்ஷனின் மேல் கையாகவும் வேலை செய்கிறது. கீழே விஷ்போன் என்ற ஒரு கை, மேலே இந்த ஷாஃப்ட், இரண்டும் சேர்ந்துதான் சக்கரத்தை நிமிர்த்திப் பிடிக்கின்றன. பல கார்களில் ஆக்சில் கிராஸ் (ஷாஃப்ட் வளைந்தபடி சுழல உதவும் மூட்டு) உடைந்தால் கார் நகராது, அவ்வளவுதான். இதில் உடைந்தால் சக்கரத்தைப் பிடித்துக்கொள்ள மேலே எதுவும் இல்லை. இடதுபக்க கிராஸைக் கையால் அசைத்தேன்; மெல்லிய ஆட்டம் இருந்தது. ஒரு மில்லிமீட்டர்கூட வராது. ஆனால் பெரிய இன்ஜின் சக்தி ஒவ்வொரு முறையும் வந்து மோதுவது இந்த ஊசி பேரிங்குகள் மேல்தான். இதுவும் உடைந்திருந்தால் இந்த ஆய்வை வேறு விதமாக எழுத வேண்டியிருந்திருக்கும்.

பிரேக் ஆயில் தேநீர் நிறத்தில் இருந்தது. ஈரம் காட்டும் கருவி நான்கு சதவீதத்துக்கு மேல் காட்டியது. டாட் 4 என்ற வகை பிரேக் ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரியில் கொதிக்கும்; காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சிய பிறகு 155 வரை இறங்கிவிடலாம். கேலிபருக்குள் ஆயில் கொதித்து ஆவி ஆகும். திரவத்தை அமுக்க முடியாது, ஆவியை அமுக்கலாம். பஞ்சு மாதிரி இறங்கிய பெடல் அதுதான். முன், பின் இரண்டுக்கும் தனித்தனிச் சுற்று இருந்ததால் பெடல் முழுதாகத் தரையைத் தொடவில்லை, முன் பிரேக் மட்டும் கடைசிவரை வேலை செய்திருக்கிறது. அந்த இரட்டைச் சுற்று இல்லாவிட்டால் புல்தரையும் போதாமல் போயிருக்கும்.

"புதுசுல இந்த கார் 220 போகுமே தம்பி"

இது அவர் கேட்ட நியாயமான கேள்வி. தொழிற்சாலையிலிருந்து வந்தபடியே 220-ஐத் தொடக்கூடிய காரில், 205-ல் பிரேக் தோற்றால் இன்ஜின் மாற்றத்தை எப்படிக் குறை சொல்வது?

கணக்குப் போட்டுக் காட்டினேன். ஓடும் வண்டியின் ஆற்றல் வேகத்தின் வர்க்கமாக ஏறும். 1,900 கிலோ கார் 100 கிலோமீட்டரில் போகும்போது அதில் சுமார் 730 கிலோஜூல் இருக்கிறது. 200-ல் சுமார் 2,930, அதாவது நான்கு மடங்கு. நல்ல டயர், நல்ல தரை என்று வைத்துக்கொண்டாலும் 100-லிருந்து நிற்க ஐம்பது மீட்டர் வேண்டும் என்றால், 200-லிருந்து இருநூறு மீட்டர் வேண்டும். கால் பிரேக்குக்குப் போக எடுக்கும் ஒரு நொடியில் ஓடும் 56 மீட்டர் தனி. அந்த 2,930 கிலோஜூல் சூடு, ஒன்பது லிட்டர் தண்ணீரைச் சாதாரண நிலையிலிருந்து கொதிக்க வைக்கப் போதும். அத்தனையும் ஏழு நொடிக்குள் நாலு இரும்புத் தட்டுகளுக்குள் இறங்குகிறது.

இதுவரை பழைய காருக்கும் மாற்றியமைத்த காருக்கும் வித்தியாசம் இல்லை. வித்தியாசம் இடைவெளியில் இருக்கிறது. பழைய இன்ஜினுக்கு, அதிலும் அந்த ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸோடு, 200-ஐ எட்ட நீண்ட தூரம் வேண்டும். அந்த நேரத்தில் டிஸ்க் ஆறிவிடும். அந்த ஓடுதளத்தின் நீளத்துக்குள் பழைய கார் 205-ஐ எட்டி, அடுத்தடுத்து மூன்று முறை நின்றிருக்கவே முடியாது. இன்ஜின் சக்தியை ஏற்றினால் உச்ச வேகம் ஏறுவது சின்ன விஷயம். காற்றின் தடை பயங்கரமாக ஏறுவதால் (இரட்டிப்பு வேகத்துக்கு எட்டு மடங்கு சக்தி வேண்டும்) உச்சம் கொஞ்சம்தான் நகரும். ஆனால் ஒரு பிரேக்குக்கும் அடுத்த பிரேக்குக்கும் நடுவே கிடைக்கும் ஓய்வு பாதியாகிவிடும். பிரேக் செத்தது உச்ச வேகத்தால் என்பதைவிட, ஓய்வு இல்லாததால் என்று சொல்வதே சரி.

அப்புறம் வயது. 220 போனது புதுச் சீல், புது ரப்பர், புது ஆயில் இருந்த கார். இரும்பு நாற்பது, ஐம்பது வருடம் தாங்கும். ரப்பர் தாங்காது.

டயர்

நாலு டயரும் பார்க்கப் பளபளவென்று இருந்தன. பூ, அதாவது தரையைத் தொடும் வரிப் பகுதி, தேயவே இல்லை. வேகக் குறியீடு 'வி', அதாவது 240 வரை தாங்கும் வகை. எல்லாம் சரியாகத்தான் இருந்தது, பக்கச் சுவரில் இருக்கும் தயாரிப்புத் தேதியைப் படிக்கும்வரை. கடைசி நான்கு எண்களில் முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு வருடம். தயாராகிப் பதினான்கு வருடம் ஆகியிருந்தது. ஷோவுக்குப் போய் நிழலில் நிற்கும் காரில் டயர் தேய்வதில்லை, ஆனால் மூப்படைகிறது. டார்ச் அடித்துப் பள்ளங்களின் அடியைப் பார்த்தேன். முடி அகலத்துக்கு வெடிப்புகள்.

இந்தக் காருக்கு உரிய அளவு டயர் 200 கிலோமீட்டரில் நொடிக்கு இருபத்தாறு தடவை சுற்றும். ரப்பரின் ஒவ்வொரு பகுதியும் நொடிக்கு இருபத்தாறு தடவை தரையில் நசுங்கி எழும். அதோடு, சுற்றும் வேகத்தில் வெளியே இழுக்கும் விசை, பூவில் இருக்கும் பத்து கிராம் ரப்பரை ஒன்பது கிலோ கனத்தோடு பிடுங்கப் பார்க்கும். புது டயரில் ரப்பரும் எஃகு பெல்ட்டும் ஒட்டிக்கொண்டிருப்பதால் தாங்கும். பதினான்கு வருடம் ஆன ஒட்டு என்ன நிலையில் இருக்கும் என்று வெளியிலிருந்து யாராலும் சொல்ல முடியாது. அன்று டயர் வெடிக்காதது அதிர்ஷ்டம். பிரேக் தோற்றால் புல்தரைக்குப் போகலாம். 205-ல் பின் டயர் உரிந்தால் எங்கே போவோம் என்பது ஓட்டுபவர் கையில் இருக்காது.

வீல் அகலம், இறக்கிய ஸ்பிரிங் இரண்டையும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். உயரத்தை இறக்கினால் இந்த சஸ்பென்ஷனில் பின் சக்கரங்கள் உள்பக்கம் சாயும், டயரின் உள் ஓரமே பெரும்பங்கு சுமையைத் தாங்கும், அங்கேதான் சூடு ஏறும். வெளியே தள்ளி நிற்கும் அகல வீல், ஹப் பேரிங்கின் மேல் நெம்புகோல் மாதிரி வேலை செய்யும். இரண்டும் அழகுக்காகச் செய்தவை.

வரலாற்றில் இதே பாடம்

இது ஒருவருக்கு மட்டும் நேர்ந்த தவறு என்று நினைக்க வேண்டாம். பெரிய பட்ஜெட்டோடு, தேர்ந்த ஆட்களோடு செய்தவர்களுக்கும் இதே வண்டி இதையே காட்டியிருக்கிறது.

1976-ல் ரால்ஃப் பிராடின் பிராட்ஸ்பீட் குழு, எக்ஸ்ஜே12-ன் இரண்டு கதவு கூபேயை ஐரோப்பிய டூரிங் கார் பந்தயங்களுக்குத் தயார் செய்தது. அந்த ஆண்டு செப்டம்பரில் சில்வர்ஸ்டோனில் நடந்த டூரிஸ்ட் டிராபியில் முதல் பந்தயம். தகுதிச் சுற்றில் டெரெக் பெல் எல்லாரையும்விட வேகமாக ஓட்டி முதலிடத்தில் நின்றார். பந்தயத்தில் அந்தக் கார் ஒரு சக்கரத்தையே இழந்து வெளியேறியது. 1977-ல் இரண்டு கார்களோடு வந்தார்கள். வேகத்தில் குறையே இல்லை, பல இடங்களில் முதல் வரிசையில் நின்றது. ஆனால் நீண்ட வளைவுகளில் ஆயில் ஒருபக்கம் ஒதுங்கி இன்ஜின் பட்டினி கிடந்தது, சக்தியைச் சக்கரத்துக்குக் கடத்தும் பாகங்கள் உடைந்தன, எடை டயரையும் பிரேக்கையும் தின்றது. நூர்பர்க்ரிங்கில் கிடைத்த இரண்டாமிடம்தான் அதிகபட்சம். எடை குறைந்த பிஎம்டபிள்யூக்கள் பந்தயத்தை முடித்தன, வென்றன. ஒரு வெற்றிகூட இல்லாமல் அந்த ஆண்டோடு திட்டத்தை நிறுத்திவிட்டார்கள். தேர்ந்த ஆட்களே தடுமாறிய இடத்தில் ஒரு தனி ஆள் சுலபமாகத் தாண்டிவிடலாம் என்று நினைப்பதுதான் எனக்குக் கவலை தருகிறது.

வெற்றி பெற்றவர்களும் உண்டு. 1967-ல் ஹான்ஸ் வெர்னர் அவுஃப்ரெக்ட்டும் எர்ஹார்ட் மெல்ஷரும் தொடங்கிய ஏஎம்ஜி, மெர்சிடிஸ் 300 எஸ்இஎல் 6.3 என்ற பெரிய சொகுசுக் காரை எடுத்தது. 6,332 சிசி, 250 குதிரைத்திறன் கொண்ட இன்ஜினை 6,834 சிசி, 428 குதிரைத்திறன் ஆக்கினார்கள். 1971 ஜூலையில் ஸ்பா 24 மணி நேரப் பந்தயத்தில் ஹான்ஸ் ஹேயரும் கிளெமென்ஸ் ஷிக்கென்டான்ஸும் அந்தச் சிவப்புக் காரை ஓட்டி இரண்டாவதாக வந்தார்கள். ஃபோர்டு கேப்ரி ஒன்றுதான் அதை முந்தியது. அந்தச் சிவப்புக் காரும் பெட்ரோலையும் டயரையும் வாரிக் குடித்தது, அடிக்கடி பிட்டுக்கு வந்தது. ஆனால் ஒவ்வொரு முறை வரும்போதும் அதைக் கவனிக்க ஆட்கள் நின்றார்கள். டயர் தீர்ந்தால் புது டயர் தயாராக இருந்தது. அதுதான் வித்தியாசம்.

அந்தக் காரின் பிற்கால வாழ்க்கை எனக்கு ரொம்பப் பிடித்த விஷயம். அதைப் பிரான்ஸின் மத்ரா நிறுவனம் வாங்கி, விமான டயர்களைச் சோதிக்கும் வண்டியாக மாற்றிக்கொண்டது. கனமாக இருக்க வேண்டும், சீக்கிரம் வேகம் எடுக்க வேண்டும். டயரை வதைக்க அதைவிடப் பொருத்தமான கார் அவர்களுக்குக் கிடைக்கவில்லை போல.

ஹான்ஸ் ஹேயர் பதின்மூன்று வருடம் கழித்து, 1984-ல், டாம் வாக்கின்ஷா, வின் பெர்ஸி இருவரோடும் சேர்ந்து அதே ஸ்பா பந்தயத்தை வென்றார். ஓட்டியது ஜாகுவார் எக்ஸ்ஜேஎஸ். அதே வி12 குடும்பம். பிராட்ஸ்பீட் தோற்றதற்கும் வாக்கின்ஷா குழு வென்றதற்கும் நடுவே ஏழு வருடம். வி12 இன்ஜினின் சக்தி 1976-லேயே போதுமான அளவு இருந்தது. அந்தச் சக்தியை ஒரு நாள் முழுக்க உடையாமல் தரைக்குக் கொண்டுபோகத்தான் காலம் பிடித்தது. ஜாகுவாரே 1986-ல் வந்த புதிய எக்ஸ்ஜேயில் பின் டிஸ்க்கை நடுவிலிருந்து எடுத்துச் சக்கரத்தின் பக்கத்தில் வைத்துவிட்டது.

அமைதி மறைத்த சத்தங்கள்

சொகுசுக் காரில் மட்டும் இருக்கும் ஓர் ஆபத்தைத் தனியாகச் சொல்ல வேண்டும். சாதாரணப் பழைய கார் 150-ல் கத்தும், அதிரும், கையை உதறும். ஓட்டுபவர் தானாகவே காலை எடுப்பார். எக்ஸ்ஜே அப்படிச் செய்யாது. கூண்டைப் பிடித்திருக்கும் ரப்பர் மவுன்ட்கள், சாலையின் சத்தம் உள்ளே வரக் கூடாது என்பதற்காகவே வைத்தவை. கிராஸ் தேய்ந்த 'டிக் டிக்', பேரிங்கின் முனகல், சமநிலை கெட்ட டயரின் அதிர்வு என்று எச்சரிக்கைகளையும் அவை சேர்த்தே விழுங்கிவிடுகின்றன. மீதி வந்த கொஞ்சத்தையும் புது எக்ஸாஸ்ட்டின் முழக்கம் மூடிவிட்டது. 205-ல் எப்படி இருந்தது என்று கேட்டேன். "ரொம்ப சுகமா இருந்துச்சு தம்பி, 120 மாதிரிதான் தெரிஞ்சுது" என்றார்.

அந்தக் காரில் ஏபிஎஸ் கிடையாது, ஏர்பேக் கிடையாது. அவர் கட்டியிருந்த சீட் பெல்ட்டின் துணி நாலு பத்தாண்டு வெயில் பார்த்தது. 205-ல் மோதினால் இவையெல்லாம் இருந்தாலும் பெரிதாக உதவாது என்பதும் உண்மைதான். ஆனால் 90-ல், மழையில், யாரோ குறுக்கே வரும்போது அந்த பெல்ட் வேண்டும். அதை மாற்றச் சொன்னபோது அவர் முதல்முறையாக மறுபேச்சு பேசாமல் தலையாட்டினார்.

செய்த வேலை

இன்ஜினை யாரும் தொடவில்லை. பின் கூண்டு முழுவதையும் பிரித்தோம். சீல் இரண்டும் 200 டிகிரி வரை தாங்கும் விட்டான் ரப்பர் வகைக்கு மாறின. நான்கு கிராஸும் புதிது. பின்னால் காற்று ஊடுருவும் டிஸ்க், அதற்குக் காருக்கு அடியிலிருந்து காற்றைக் கொண்டுவரும் குழாய். எக்ஸாஸ்ட்டைச் சற்று ஒதுக்கி வளைத்துச் சூட்டுத் தகட்டைத் திரும்ப மாட்டினோம். கூண்டின் ரப்பர் மவுன்ட்களும், முன்னோக்கி நீளும் ரேடியஸ் கைகளின் புஷ்களும் மாறின. அந்தக் கை காரின் தரையோடு சேரும் இடத்தில் பெயின்ட்டுக்கு அடியில் துரு ஊறியிருந்தது; வெட்டிப் புதுத் தகடு வைத்து வெல்ட் செய்தோம். பழைய ஆயிலை முழுக்க எடுத்துப் புது டாட் 4, இனி ஒவ்வொரு வருடமும் மாற்ற வேண்டும். டயர் நான்கும் அந்த வருடம் தயாரானவை. ஸ்பிரிங் பழைய உயரத்துக்குப் பக்கத்தில் ஏறியது. அகல வீலைக் கழற்ற அவருக்கு மனசே இல்லை. கழற்றிச் சுவரில் மாட்டிவைத்திருக்கிறார்.

இந்த வேலையெல்லாம் முதலிலேயே செய்திருக்க வேண்டியவை. ஒரு பழைய சொகுசுக் காரை வேகத்துக்காகத் தொடுபவர் எவராக இருந்தாலும் நான் கேட்டுக்கொள்வது ஒன்றுதான்: பின்னாலிருந்து முன்னால் வாருங்கள். டயர், பிரேக், சஸ்பென்ஷன், ஆக்சில், குளிர்விப்பு, கடைசியில் இன்ஜின். பெரும்பாலான பேருக்கு நாலாவது படியிலேயே கார் போதுமான அளவு நன்றாக ஓடுவது தெரிந்துவிடும்.

மறுபடி அதே ஓடுதளத்துக்குப் போனோம். இந்தமுறை டிஸ்க்கின் ஓரத்தில் சூடு காட்டும் பெயின்ட் மூன்று கோடு இழுத்திருந்தேன்: 430 டிகிரியில் நிறம் மாறும் பச்சை, 560-ல் மாறும் ஆரஞ்சு, 610-ல் மாறும் சிவப்பு. உச்சம் 170 என்று பேசிக்கொண்டோம். ஒவ்வொரு ஓட்டத்துக்கும் நடுவே கால் மணி நேரம் காத்திருந்தோம். மூன்றாவது ஓட்டம் முடிந்து அவர் இறங்கி, எதுவும் பேசாமல் காரின் பின்னால் போய்க் குனிந்து, டார்ச் அடித்துப் பார்த்தார். பச்சைக் கோடு வெளுத்திருந்தது. ஆரஞ்சு அப்படியே இருந்தது. இடதுபக்க ஃபிளாஞ்சை விரலால் துடைத்துப் பார்க்கக் கையை நீட்டினார்.

"சூடு அண்ணே, ஆறட்டும்," என்றேன்.

இருவரும் புல்லில் உட்கார்ந்து காத்திருந்தோம். அரைமணி நேரம் கழித்து அவரே போய்த் துடைத்து, விரலை என்னிடம் காட்டினார். காய்ந்த தூசி மட்டும்தான் இருந்தது.